சந்தியிலிருந்து வீடு வரை வெள்ளைக் கொடி

எங்கள் வகுப்பில் எல்லோருடைய கொலைகாரனும் ஒரே சட்டையைத்தான் போட்டிருந்தான். தலையை மூடும் தொப்பி வைத்துத் தைத்த கறுப்புச் சட்டை. தெல்தெனியவிலிருந்து வந்த ஒரு மாணவனுக்குச் சொந்தமானது. அவன் குழு படமெடுத்து முடித்ததும் அடுத்த குழு அதை இரவல் வாங்கும், பிறகு அதற்கடுத்த குழு. கடைசியில் சட்டை யாரிடம் இருக்கிறது என்று சட்டைக்காரனுக்கே தெரியாமல் போயிற்று. "மச்சான், கொலைகாரன் இன்னைக்கி யார்ட்ட?" என்று அவன் வகுப்பு வாசலில் வந்து நிற்பான். விரிவுரையாளரும் பாடத்தை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்.

அந்தச் சட்டையை வாங்காத குழு எங்களுடையது ஒன்றுதான். அதில் எனக்கு அப்போதே பெருமை இருந்தது. இப்போதும் இருக்கிறது.

கண்டியில், வாவிக்கரை மரங்கள் ஜன்னலில் தெரியும் ஒரு மாடிக் கட்டடத்தில் ஊடகக் கற்கை டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். இறுதிப் பருவத்துக்கு ஓர் ஒப்படை தந்தார்கள். ஒரு த்ரில்லர் படத்தின் தொடக்கத்தை எடுக்க வேண்டும். இரண்டு நிமிடம். முழுப்படம் வேண்டாம். பார்ப்பவருக்கு அடுத்து என்ன என்ற தவிப்பு வந்துவிட்டால் போதும். இந்த வகைப் படங்களுக்கென்று உள்ள வழக்கங்களில் சிலவற்றைக் கைக்கொள்ளவும் வேண்டும், ஒன்றையாவது உடைக்கவும் வேண்டும்.

என்னென்ன வழக்கங்கள் என்று விரிவுரையாளர் கேட்டார். வகுப்பே கத்தியது. இரவு. மழை. பின்னால் கேட்கும் காலடி. சொட்டும் தண்ணீர்க் குழாய். எடுத்தால் யாரும் பேசாத தொலைபேசி. தனியாகப் போகும் பெண். மெல்ல ஏறிக்கொண்டே போகும் இசை. எல்லாவற்றையும் பலகையில் எழுதிவிட்டு அவர் திரும்பினார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"நல்லது. இதில நீங்கள் உடைக்கப் போறது எதை?"

எல்லோரும் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினோம்.

நல்ல தொடக்கங்களை மட்டும் தேர்ந்து, வருட முடிவில் மண்டபத்தில் திரையிடுவார்கள். பெற்றோரை அழைப்பார்கள். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

எங்கள் வீட்டில் பாடசாலைக்குள் போய் முழுதாகப் படித்து வெளியே வந்தவள் நான்தான். அம்மா பாடசாலைக்கே போனதில்லை. அப்பா எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்குப் போய் நின்றவர். நாவலப்பிட்டியில் நான் படித்த காலமெல்லாம் பரிசளிப்பு விழா நாளில் அம்மா பாடசாலை வாசல் கேற் வரை வருவார். உள்ளே வரமாட்டார். "நீ போய் வாங்கிட்டு வா. நமக்கு அங்க என்ன வேல?" என்பார். நான் கிண்ணத்தோடு வெளியே ஓடி வருவேன். அவர் அதைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துப் பார்ப்பார். மண்டபத்தில் மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் கைதட்டும் சத்தம் கேற்றிலே நிற்கிறவருக்கும் கேட்டிருக்கும். ஒரு தடவையாவது அந்த இரண்டு பேரையும் கதிரையில் உட்காரவைத்து, நான் செய்த ஒன்றைக் காட்ட வேண்டும் என்ற ஆசை அப்படித்தான் எனக்குள் வந்தது. படம் தேர்வானால்தான் அழைப்பு. தேர்வாகாவிட்டால் டிப்ளோமா முடியும், அவ்வளவுதான். அம்மா மறுபடியும் கேற்றோடு நின்றுவிடுவார்.

என் குழுவில் என்னோடு சேர்த்து இரண்டே பேர். மற்றவள் கெலிஓயாக்காரி. நாவலப்பிட்டியிலிருந்து வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்காக என் பையை வைத்து இடம் பிடித்திருப்பேன். கம்பளையில் ஏறுகிறவர்கள் எல்லோரும் அந்தப் பையை முறைப்பார்கள். கெலிஓயாவில் அவள் ஏறியதும் எனக்கு முறைப்பிலிருந்து விடுதலை, அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியில் பங்கு. இன்றைக்கு அவள் கல்யாணமாகிக் குருநாகலில் இருக்கிறாள். நான் கண்டியில் கல்யாண வீடியோக்களைத் தொகுக்கும் வேலையில் இருக்கிறேன். அந்த பஸ்ஸில் தனியாகப் போகும்போது இன்றும் கெலிஓயா வந்தால் என் கை தானாகப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளும்.

அவளுடைய நானா, அவளுக்கு மூத்த அண்ணன், கல்யாண வீடுகளுக்குப் படம் பிடிப்பவர். அவருடைய கெமராவை ஞாயிற்றுக்கிழமை தவிர்ந்த நாட்களில் எங்களுக்குத் தர ஒப்புக்கொண்டிருந்தார். ஒரே நிபந்தனை, தண்ணீர் படக் கூடாது.

"எல்லாரும் மழையத் தேடிப் போறாங்க. நாங்க தண்ணி படாம த்ரில்லர் எடுக்கணும்" என்றாள் அவள், பேராதனைப் பாலத்தைக் கடக்கும்போது.

"வெயில்ல எடுப்போம்."

"வெயில்ல யாருக்குப் பயம் வரும்?"

எனக்கு வரும் என்றேன். பிறகு அவளுக்குச் சொன்னேன்.

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதலில் வெள்ளைக் கொடி கட்டுவார்கள். பிரதான வீதிச் சந்தியில் தொடங்கி, மின்கம்பத்துக்கு மின்கம்பம் கயிறு இழுத்து, அந்த வீடு வரைக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. சிறுமியாக இருந்தபோது பாடசாலை விட்டு வந்து சந்தியில் அந்தக் கொடியைப் பார்த்தால் புத்தகப் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். எங்கள் தெரு மலையேறிப் போகிற தெரு. பல இடங்களில் பக்கத்துப் பாதைகள் பிரியும். ஒவ்வொரு பிரிவிலும் கொடி அந்தப் பக்கம் திரும்பிவிட வேண்டுமே என்று பார்ப்பேன். திரும்பாமல் நேரே போனால் நடை வேகமாகும். சாவு விழுந்தால் தெருவில் வானொலிகளை நிறுத்திவிடுவார்கள். அதனால் ஏற ஏறப் பாட்டுச் சத்தம் குறைந்துகொண்டே வரும். எதிரே வருகிறவரிடம் கேட்கலாமே என்றால், எங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. கொடியைப் பார்த்தால் யார் என்று கேட்கக் கூடாது. போக வேண்டும், அவ்வளவுதான். போய்ச் சேர்ந்தால் தெரிந்துவிடும். கடைசியில் கொடி வேறு யார் வீட்டுக்கோ திரும்பிவிடும். அந்த நிம்மதி வரும்போதே வெட்கமாகவும் இருக்கும்.

அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ செல்லக்குள்ள எனக்கு மேலெல்லாம் சிலுத்துப் போச்சு. இதத்தான் எடுக்கோணும்."

விரிவுரையாளருக்குச் சிலிர்க்கவில்லை.

"கொடி விளங்குது பிள்ளை. ஆனா ஆர் துரத்துறது? ஆபத்து எங்க? இது த்ரில்லர் இல்லை, செத்தவீடு."

"யாரும் துரத்த வேணாம் சேர். அந்தப் பொண்ணு தானா நடந்து போறா. அதுதான் பயம்."

"பட்டப்பகல்ல?"

"பட்டப்பகல்லதான் சேர். இருட்டா இருந்தா கொடி தெரியாதே."

அவர் சிரித்தார். "கெட்டிக்காரிதான். எடுத்துக்கொண்டு வாங்கோ, பார்ப்பம். பயம் வராட்டித் திரையிடலுக்குப் போகாது. இப்பவே சொல்லிப்போட்டன்."

நாவலப்பிட்டியில் வெயிலுக்காகக் காத்திருந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். காலையில் ரயில் நிலையப் பக்கம் மேகம் விலகுவது போலிருக்கும். கெலிஓயாக்காரிக்குத் தகவல் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தால் தூறும். அந்த நாட்களில் ஆயத்தங்களைச் செய்து முடித்தேன். கொடிகள் எங்கள் தெரு மரண உதவிச் சங்கத்தின் பெட்டியில் இருந்தன. அந்தப் பெட்டி சந்தியிலுள்ள பலசரக்குக் கடையில் இருக்கும். கடைக்காரர்தான் சங்கத்துக்குப் பொருளாளர். அவரிடம் போய்க் கேட்டதும் முகம் மாறிவிட்டது. படத்துக்கு என்று விளக்கிய பிறகுதான் மூச்சு விட்டார்.

"படத்துக்கா? மொதல்லயே சொல்ல வேணாமா, நான் ஒங்கப்பாவ நெனச்சு... சரி சரி. கழுவி மடிச்சு குடுத்துடணும்."

தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். நான் நடந்து வரும்போது என் தோழி கையசைப்பாள், அப்போது ஒவ்வொரு வீடாக வானொலியை நிறுத்த வேண்டும் என்று. "எங்க ரேடியோவும் நடிக்குதா? சம்பளம் எவ்வளவு?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார். மற்றப் படங்களில் பயம் வரும்போது இசை ஏறும். எங்கள் படத்தில் சத்தம் ஒவ்வொன்றாக அவிந்து போகும். பலகையில் எழுதிய வழக்கங்களில் இதைத்தான் மிகவும் ரசித்து உடைத்தேன்.

அம்மாவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "உசுரோட இருக்கிற தெருவுக்குக் கொடி கட்டுறாளாம். படிச்ச புத்தி." பிறகு, "கட்டித் தொல. ஆனா நம்ம வாசலுக்குக் கொண்டாராத. அந்த வளைவோட நிப்பாட்டிடு" என்றார். எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் கீழே தெரு வளையும். வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கீழிருந்து வருகிறவருக்குத் தெரியாது. அதுவே எனக்கு நல்லதாகப் பட்டது.

அப்பா நகரசபையில் வேலை செய்தார். கொடியைத் தானே கட்டித் தருவதாக லீவு போட்டிருந்தார். வெயில் அடித்த அன்று காலை, அம்மா சந்தைக்குக் கிளம்பும்போது அவர் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அந்த ஏணி ஆடுது. ஏறாதீங்க."

"நான் ஏறாத ஏணியா?"

"ஏறாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போறேன்."

"சரி, சொல்லிட்டேல்ல. போய்ட்டு வா."

சந்தியிலிருந்து வளைவு வரை வெயிலில் வெள்ளைக் கொடிகள் படபடத்தன. உண்மையாகவே நன்றாக இருந்தது. சாவுக்குக் கட்டும்போது யாரும் அதை அப்படிப் பார்த்திருக்கமாட்டார்கள். கெலிஓயாக்காரி வளைவில், மதிலோரமாகக் கெமராவை வைத்துக்கொண்டு, கீழே சந்தி வரை நேராக இறங்கும் தெருவைக் குறிபார்த்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிற பெண்ணாக நான் நடிக்க வேண்டும். நடந்தேன்.

"ஏன் புள்ள, கலியாண வீட்டுக்குப் போற மாதிரி நடக்கிற?" என்று மேலிருந்து கத்தினாள்.

மறுபடி நடந்தேன்.

"இப்ப பஸ்ஸ விட்டுட்ட மாதிரி இரிக்கி!"

வாசல்களில் வானொலியோடு காத்திருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். அந்தப் பயத்தை முழுதாக அறிந்தவள் நான். எத்தனையோ தடவை அதே தெருவில் பயந்தபடி ஏறியவள். ஆனால் கெமரா முன்னால் என் கால்களுக்கு அது வரவே இல்லை. பக்கத்துப் பாதை ஒன்றில் போய் நின்று, மறுபடி தொடங்கும் சைகைக்காகக் காத்திருந்தேன்.

அப்போதுதான் முச்சக்கர வண்டி ஏறி வந்தது. உள்ளேயும் மேலேயும் சங்கத்தின் பிளாஸ்டிக் கதிரைகள், கயிற்றால் கட்டி. வண்டிக்காரர் சங்கத்து ஆள், வீடு கீழ்த்தெருவில், அங்கே நான் சொல்லப் போகவில்லை. கொடிப் பெட்டி பொருளாளரிடம் இருக்கும், கதிரைகள் இவரிடம் இருக்கும். காலையில் கம்பளைக்கு ஓட்டம் போய்த் திரும்பி வந்தவர் சந்தியில் கொடியைப் பார்த்திருக்கிறார். யார் என்று கேட்கக் கூடாது. கொடி ஏறினால் அடுத்தது கதிரை. நேரே வீட்டுக்குப் போய்க் கதிரைகளை ஏற்றிக்கொண்டு, இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். என்னைக் கண்டதும் வண்டியை மெதுவாக்கி, தாழ்ந்த குரலில், "எங்க எறக்கணும், தங்கச்சி?" என்றார்.

"அண்ணே, இது படம்..."

வண்டிச் சத்தத்தில் அவருக்கு அது கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்து அழப் போகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு, கொடி போன வழியே மேலே போய்விட்டார். வளைவில் கொடி முடிந்த இடத்தில் கதிரைகளை இறக்கிப் போடத் தொடங்கினார்கள். அவருக்குப் பின்னால், கீழ்த்தெருப் பெண்கள் சிலர் சீனியும் தேயிலையும் பார்சல் கட்டி எடுத்துக்கொண்டு பேசாமல் ஏறினார்கள். சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு போகமாட்டார்கள். அவர்களும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

வளைவில் திரும்பும் கடைசி மின்கம்பத்தில் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த அப்பா, கதிரைகளைக் கண்டு விஷயத்தைச் சொல்ல ஏணியிலிருந்து இறங்கினார். ஏணியைத் தெருவோரம் படுக்கவைத்தார்.

அந்த நேரம் பார்த்துச் சந்தியில் பஸ் நின்று அம்மா இறங்கினார்.

நான் பக்கத்துப் பாதையிலிருந்து பார்த்தேன். அம்மா கொடியை ஏறெடுத்துப் பார்த்து உதட்டைச் சுழித்தார். மகளின் கூத்து என்று நினைத்திருப்பார். சந்தைப் பையைக் கை மாற்றிக்கொண்டு ஏறத் தொடங்கினார். மேலே முச்சக்கர வண்டி நின்றதையும் கதிரை இறங்குவதையும் பார்த்ததும் நின்றார். சீனிப் பார்சலோடு முன்னே போகும் பெண்களைப் பார்த்தார். ஒரு வீட்டு வானொலி நின்றது. அடுத்த வீட்டிலும் நின்றது. என் தோழி யாருக்கும் கையசைக்கவில்லை. ஆள் ஏறி வருவதைக் கண்டு, படம் தொடங்கிவிட்டது என்று அவர்களாகவே நிறுத்திக்கொண்டு போனார்கள்.

அம்மாவின் நடை வேகமானது. என்னைக் கடக்கும்போது, "அம்மா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு செருப்பு கழன்றது, விட்டுவிட்டார். பிறகு சந்தைப் பையை நடுத்தெருவில் வைத்தார். எறியவில்லை, வைத்தார். அதுவரை என் அம்மா கையிலெடுத்த எந்தப் பையையும் வழியில் விட்டதில்லை. வைத்துவிட்டு ஓடினார்.

நானும் பின்னால் ஓடினேன். வளைவில் திரும்பும்போது தெருவோரம் கிடந்த ஏணி முன்னால் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில், சங்கத்துக் கதிரை ஒன்றில் அப்பா உட்கார்ந்து வண்டிக்காரருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"எறங்கிட்டீங்களா?" என்றார்.

"எறங்கிட்டேன்" என்றார் அப்பா.

அம்மா ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். "கொடி நீ கட்டுனதுன்னு எனக்குத் தெரியும். கதிரைய யாருடி போடச் சொன்னது?"

வண்டிக்காரர் தொப்பியைக் கையில் வைத்துத் திருகினார். "நான்தான் அக்கா. கொடியப் பார்த்தேன்... யாருன்னு எப்பிடிக் கேக்குறது?"

முதலில் எதிர்வீட்டு அக்காதான் சிரித்தார். பிறகு தெருவே சிரித்தது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சாவு வீட்டுக்கென்று கொண்டு வந்ததைத் திரும்ப எடுத்துப் போகக் கூடாது என்று சீனிக்காரப் பெண்கள் பிடிவாதமாக நின்றார்கள். செத்தவரும் இல்லை, வீடும் இல்லை, சீனியை என்ன செய்வது? எதிர்வீட்டில் பெரிய பானையில் தண்ணீர் கொதித்தது. அந்தச் சீனியையும் தேயிலையையும் போட்டுத் தெருவுக்கே தேநீர் ஊற்றினார்கள். வளைவில், வெள்ளைக் கொடிக்குக் கீழே, சங்கத்தின் கதிரைகளில் எல்லோரும் உட்கார்ந்து வெயிலில் குடித்தோம். "செத்தவரு கொஞ்சம் சீனி போடுங்கப்பா" என்று யாரோ அப்பாவிடம் கிளாஸை நீட்டினார்கள். வானொலிகள் மறுபடி பாடின. கல்யாணம், திருவிழா எதற்கும் எங்கள் தெரு அப்படி ஒன்றாக உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை.

ஆனால் தேநீர் முடிந்ததும், கொடியை உடனே இறக்க வேண்டும் என்றார்கள். ஆள் கூடிவிட்ட பிறகு அது வெறும் துணி இல்லை. இறக்கிய கொடியைத் திரும்பக் கட்டவும் கூடாது. அதில் யாருக்கும் விட்டுக்கொடுக்கும் எண்ணமில்லை. அப்பா மறுபடி ஏணியை எடுத்தார். அம்மா கீழே அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னிடம் இருந்தது கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி நடந்த நடையும், பஸ்ஸை விட்ட மாதிரி நடந்த நடையும். படம் போய்விட்டது, மண்டபமும் போய்விட்டது என்று மதிலில் சாய்ந்து நின்றேன்.

கெலிஓயாக்காரி கெமராவை அணைத்துப் பிடித்தபடி வந்தாள். "கோவிக்காத. நான் நிப்பாட்டல்ல."

"என்னத்த?"

"கெமராவ. மாமி பஸ்ஸால எறங்கினதிலேந்து எடுத்துக்கிட்டே நிண்டேன். நிப்பாட்டத் தோணல்ல."

சின்னத் திரையில் பார்த்தோம். அம்மா, அப்பா, நான், அவள், நான்கு தலைகளும் முட்டிக்கொண்டு. கீழே சின்னதாக ஓர் உருவம் கொடிகளுக்குக் கீழே ஏறி வருகிறது. நிற்கிறது. வருகிறது. வேகம். செருப்பு. கடைசியில் உருவம் கெமராவைக் கடந்து போய்விடுகிறது. பின்னால் நானும் ஓடிக் கடக்கிறேன், பிறகு தெருவில் யாருமில்லை. வெயிலில் சந்தைப் பை மட்டும் இருக்கிறது.

"இந்தச் சேலையோடயா வந்தேன்?" என்றார் அம்மா. "கொஞ்சம் இரு, நல்லதா ஒண்ணு கட்டிட்டு மறுபடி வாறேன்."

"மறுபடி கொடி கட்டக் கூடாதும்மா."

"ஆமா, ஆமா." சேலைத் தலைப்பால் அந்தச் சின்னத் திரையைத் துடைத்தார். "இத ஒங்க காலேஜ்ல எல்லாரும் பார்ப்பாங்களா?"

"நீங்க சரின்னா."

"நான் அழுவுறது தெரியுதா?"

"நீங்க அழலையேம்மா."

"அப்ப போடு."

தொகுக்கும்போது நான் அதிகம் எதுவும் செய்யவில்லை. இந்த வகைப் படங்களின் வழக்கங்களில் சிலவற்றை வைத்துக்கொண்டேன். தனியாகப் போகும் பெண். கால்களின் அண்மைக் காட்சி, அதற்கு என் கால்களும் ஒரு செருப்பும் போதுமாக இருந்தன. ஷொட்டுகளுக்கு நடுவே கறுப்புத் திரையில் எழுத்துகள். விடையை மறைத்து வைத்தல். இரவையும் மழையையும் கொலைகாரனையும் விலக்கிவிட்டேன். பின்னால் ஓடிய என்னையும் வெட்டினேன். இசை போடவில்லை. வானொலிகள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசியில் பை, கொடிகளின் படபடப்பு, பிறகு கறுப்பு.

விரிவுரையாளர் தன் மேசையில் அதைப் பார்த்தார். முடிந்ததும் தொடக்கத்துக்குப் போய் மறுபடி ஒரு தடவை ஓடவிட்டார்.

"ஆர் பிள்ளை செத்தது?"

"எங்க ஊர்ல அப்படிக் கேக்கமாட்டோம் சேர்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எங்கட ஊரில கேட்பம். இப்ப என்னைக் கேட்க வைச்சிட்டியள்தானே. அப்ப சரி." பேனாவை எடுத்தார். "அம்மா அப்பாவுக்குச் சொல்லிவிடுங்கோ. முன்வரிசையில இருக்கட்டும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் எல்லோருக்கும்தான் சொல்லியிருப்பார். நான் எனக்கு மட்டும் சொன்னதாக வைத்துக்கொண்டேன்.

திரையிடல் ஒரு சனிக்கிழமை பின்னேரம். அம்மா நல்ல சேலையில் வந்தார். மண்டபக் கதவடியில் நின்று, பழக்கத்தில், "நீ உள்ள போ" என்றார். அப்பா அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். முன்வரிசையில் இரண்டு பேருக்கும் நடுவில் நான் இருந்தேன். முதலில் மற்றவர்களின் படங்கள். மழை, இருட்டு, காலடி. கறுப்புச் சட்டை வந்தது. அடுத்த படத்திலும் வந்தது. அதற்கடுத்ததிலும் வந்தபோது, பின்னாலிருந்து தெல்தெனியக்காரன், "அந்தா என் சட்டை!" என்று கத்தினான். மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. இத்தனை கொலை செய்கிற சட்டைக்கு ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று அம்மா கேட்டார்.

பிறகு எங்கள் தெரு வந்தது. இருட்டாக இருந்த மண்டபத்தில் திடீரென்று வெயில். எல்லோர் முகத்திலும் அந்த வெளிச்சம் விழுந்தது. கொடிகள் படபடத்தன. கீழே அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கினார். முதல் வானொலி நின்றபோது மண்டபத்தில் யாரோ இருமுவது கேட்டது. அடுத்தது நின்றபோது அதுவும் இல்லை. செருப்பு கழன்றது. பை தெருவில் உட்கார்ந்தது. அம்மாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. நடந்ததெல்லாம் தெரிந்தவர்தான், ஆனாலும் பிடி இறுகிக்கொண்டே போயிற்று.

கறுப்பு வந்தது. யாரும் உடனே கைதட்டவில்லை. அந்த மௌனத்தில் அப்பா என் முன்னால் குனிந்து அம்மாவிடம் கேட்டார்.

"எனக்காகவா இப்பிடி ஓடி வந்த?"

அன்றைக்கு அவர் வளைவுக்கு அப்பால் இருந்தார். சின்னத் திரையில் பார்த்தபோதும் உருவம்தான் தெரிந்ததே தவிர முகம் தெரியவில்லை. அம்மா ஓடி வந்த முகத்தை அவர் இப்போதுதான் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது.

"வேற யாரு ஏணியில நின்னது?" என்றார் அம்மா.

அப்போதுதான் கைதட்டல் வந்தது. பின்வரிசையிலிருந்து தொடங்கி முன்னுக்கு வந்தது. அம்மா என் கையை விட்டுவிட்டுத் தானும் தட்டினார். தன் படத்துக்குத் தானே தட்டக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வெளிச்சம் மங்குவதற்குள் நாவலப்பிட்டி பஸ்ஸில் ஏறினோம். கெலிஓயாவில் தோழி இறங்கிப் போனாள். அம்மா ஜன்னலோரம், மடியில் நல்ல சேலையின் மடிப்புக் கலையாமல் கையை வைத்துக்கொண்டு இருந்தார். அப்பா முன் இருக்கையில் தூங்கினார். எங்கள் சந்தி நெருங்கியதும் பஸ் வேகம் குறைந்தது. அப்பா கண்ணைத் திறந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பிக் கடைப்பக்கத்து மின்கம்பத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

கம்பத்தில் கம்பிகள் மட்டும்தான் இருந்தன. தெருவில் ஏதோ ஒரு வீட்டு வானொலி பாடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்ல" என்றார் அப்பா. "எறங்குங்க."